பக்கவாத மருந்தும் பல இன மக்களும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



பக்கவாதம் என்னும் சொல்லைக் கேளாதவர் இங்கு ஒருவரும் இருக்க முடியாது. நம்மவர் பாரிசவாதம் என்றும், கை கால் இழுத்துக்கொண்டது என்றும் சொல்வதும், மலாய் நண்பர்கள் ஆங்கின் அஹ்மார் என்று சொல்வதும் இந்நோயையே ஆகும். நேற்று வரை விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து, நிரையில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய ஒருவர், இன்று சோற்றைப் பிசைந்து வாயில் இடுவதற்கும் துணை தேடும் நிலைக்கு ஆளாகிறார். பால்வெட்டுக்குக் கண்ணும் கையும் காலும் ஒருங்கே துணைநிற்க வேண்டும். கத்தி ஆழப் பாய்ந்தால் மரம் புண்படும். மேலாகச் சென்றால் பால் வாராது. பல ஆண்டுகள் பழகிப் பெற்ற அந்த நுட்பத்தை இந்நோய் சில நிமிடங்களில் பறித்துவிடுகிறது. குடும்பத்தின் வருமானமும் அதனோடு போய்விடுகிறது.

இந்நோயைத் தடுக்கும் வழிகளைப் பற்றிப் பல கூட்டங்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. டாக்டர் கொடுக்கும் மருந்து நம் உடலுக்கு ஏற்றது என்பது எவ்வாறு அறியப்படுகிறது? எவரிடத்தில் சோதித்து அறியப்படுகிறது? அவர்களுள் நம்மைப் போன்றோர் இருந்தனரா? இல்லையெனில் அதனால் விளையும் குறை யாது? இக்கேள்விகள் படித்தவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. மருந்தை உண்ணுகின்ற ஒவ்வொருவருக்கும் உரியவை.

ரப்பர் மரம் கற்பிக்கும் பாடம்

மருந்து எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதை விளக்க நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கண்முன் நிற்கும் ரப்பர் மரமே அதனைக் கற்பிக்கும்.

1925ஆம் ஆண்டில் இந்நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அக்கழகம் உருவாக்கிய ரகங்களுள் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பதை அறியாத பால்வெட்டுத் தொழிலாளி இல்லை எனலாம். டிஜிர் 1, பி.பி. 86 என்னும் இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கப்பட்டது அது. இத்தகைய புதிய ரகம் ஒன்று, ஆராய்ச்சி நிலையத்தின் ஒரே துண்டு நிலத்தில் நன்றாகப் பால் தந்தது என்பதற்காக நாடெங்கும் நடப்படுவதில்லை. மண் வேறு, மழை வேறு, காற்று வேறு என்றுள்ள பல தோட்டங்களில் அதனை நட்டு, ஆண்டுக்கணக்கில் பாலை நிறுத்து, நோய் தாங்குகிறதா, காற்றுக்கு முறிகிறதா என்று பார்த்த பின்னரே பரிந்துரை செய்வர். மேட்டு நிலத்தில் செழிக்கும் ரகம் பள்ளத்தில் தளரலாம் அன்றோ?

மற்றொன்றையும் நீங்கள் அறிவீர்கள். பால் கூடுதலாக வடிவதற்காக வெட்டுப் பட்டையில் எத்தெஃபோன் என்னும் மருந்து பூசப்படுகிறது. எல்லா ரகங்களும் அதனை ஒன்றுபோல ஏற்பதில்லை. ஒரு ரகம் நிறைந்த பால் தரும். வேறொரு ரகத்துக்கு அதே மருந்தை அடிக்கடி இட்டால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மருந்து ஒன்றே, ஏற்கும் மரம் வேறு.

மனிதருக்குரிய மருந்தையும் இவ்வாறே சோதிக்கின்றனர். ஒரே நோயுள்ளவர்களை, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, இரு பிரிவாகப் பிரிக்கின்றனர். ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்து. மறு பிரிவினருக்குப் பழைய மருந்து, அல்லது மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது. பெரும்பாலும் டாக்டருக்கும் தெரியாது. பல மாதங்கள் கழித்து எந்தப் பிரிவில் எத்தனை பேர் நலமடைந்தனர், எத்தனை பேர் தீங்குற்றனர் என்று எண்ணிப் பார்ப்பர். இதற்குச் சிகிச்சை ஆய்வு என்று பெயர்.

தோட்டத்தில் செக்ரோலில் பெயர் ஏறாதவருக்குச் சம்பள நாளில் கணக்கு இராது. சிகிச்சை ஆய்விலும் அப்படியே. எந்த மக்கள் அதில் எண்ணப்படவில்லையோ, அவர்களுக்கு அம்மருந்து எவ்வளவு நன்மை தரும், எவ்வளவு தீங்கு தரும் என்பது அளக்கப்படாமலே நின்றுவிடுகிறது. பிறரிடத்தில் கண்ட முடிவை வைத்து அவர்களுக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. பெரும்பாலும் அது பொருந்திவிடுகிறது. சில வேளைகளில் பொருந்துவதில்லை.

அமெரிக்காவில் கண்ட உண்மை

இதனை முதலில் பெரிய அளவில் எண்ணிப் பார்த்த நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. அங்கு வாழும் கறுப்பின மக்களுக்கு முதன்முறைப் பக்கவாதம் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நோய் கூடுதலாக உள்ள இம்மக்கள் ஆய்வுகளிலோ குறைவாகவே இருந்தனர்.

பக்கவாதம் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வாராமல் தடுப்பதற்கு ஆஸ்பிரின் என்னும் மலிவான மாத்திரை உண்டு. டிக்லோபிடின் என்னும் மற்றொரு மருந்தும் பின்னர் வந்தது. 1989ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளையரல்லாதார் சிலரும் இருந்தனர். அவர்களுடைய கணக்கைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, டிக்லோபிடின் அவர்களுக்கு மிகச் சிறந்தது போலத் தோன்றியது. ஆனால் அச்சிறு பிரிவை வைத்து உறுதியான முடிவுக்கு வரலாமா?

ஆகவே, கறுப்பின மக்களை மட்டுமே கொண்ட தனி ஆய்வு ஒன்று 1992ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1,809 பேர் அதில் சேர்ந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு டிக்லோபிடின், மற்றவர்களுக்கு ஆஸ்பிரின். 2003ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்டது. மீண்டும் பக்கவாதமோ, மாரடைப்போ, இரத்தக்குழாய் நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் டிக்லோபிடின் உண்டோரில் 100க்கு ஏறக்குறைய 15 பேர். ஆஸ்பிரின் உண்டோரில் 100க்கு ஏறக்குறைய 12 பேர். அதாவது, புதிய மருந்து மேலானது என்னும் எண்ணம் மெய்ப்படவில்லை. இரத்த அணுக்களைக் குறைக்கும் பக்க விளைவும் அம்மருந்துக்கு உண்டு. மலிவான ஆஸ்பிரினே போதும் என்பது அந்த 1,809 பேரால் உலகுக்குத் தெரிந்தது. அவர்கள் ஆய்வில் சேராதிருந்தால், அவர்களுடைய இனத்தார் பலர் பயனில் மேம்படாத மருந்தை உண்டு, அதன் தீங்கையும் ஏற்றிருப்பர்.

இடையில் 1993ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அரசாங்கத்தின் சுகாதார ஆராய்ச்சி நிதியைப் பெறும் சிகிச்சை ஆய்வுகள், பெண்களையும் சிறுபான்மை இனத்தாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அச்சட்டம்.

ஆசியர் என்பது ஒரே இனமா?

இனி, நமக்கு நெருங்கிய செய்திகளுக்கு வருவோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதால் வருவது ஒருவகைப் பக்கவாதம். குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருவது மற்றொரு வகை. அடைப்பைக் கரைக்கும் அல்டிபிளேஸ் என்னும் ஊசி மருந்து, 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வுக்குப் பின் 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.9 மில்லிகிராம் என்பது அதன் அளவு. ஆனால் அடைப்பைக் கரைக்கும் மருந்து சிலருக்கு மூளையில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். ஆசியருக்கு அக்கசிவு கூடுதலாக வரக்கூடும் என்று ஜப்பானிய டாக்டர்கள் அஞ்சினர். 2005ஆம் ஆண்டில் ஜப்பான் 0.6 மில்லிகிராம் என்னும் குறைந்த அளவுக்கே ஒப்புதல் வழங்கியது.

எந்த அளவு சரி? வாதாடித் தீர்க்கக்கூடிய வழக்கன்று இது. எண்ணிப் பார்த்தே தீர்க்க வேண்டும். 13 நாடுகளில் 111 மருத்துவமனைகளில் 3,310 நோயாளிகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 100க்கு 63 பேர் ஆசியர். 2016ஆம் ஆண்டில் முடிவு வந்தது. குறைந்த அளவு பெற்றோரில் ஆபத்தான மூளைக் கசிவு 100க்கு 1 என்னும் அளவில் இருந்தது. வழக்கமான அளவு பெற்றோரில் 100க்கு 2. ஆயினும், மூன்று மாதங்கள் கழித்து இறந்தோரையும் ஊனமுற்றோரையும் சேர்த்து எண்ணியபோது, குறைந்த அளவும் வழக்கமான அளவுக்கு ஈடானதே என்று மெய்ப்பிக்க முடியவில்லை. இதில் ஆசியருக்கும் மற்றவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவும் இல்லை. ஆசியர் பெருந்தொகையினராக அவ்வாய்வில் இருந்ததால் அன்றோ இதனை உறுதியாகச் சொல்ல முடிகிறது? வேறுபாடு உண்டு என்பதை மட்டுமன்று, வேறுபாடு இல்லை என்பதை அறிவதற்கும் எல்லா இனத்தாரும் தேவை.

ஆசியர் என்று நாம் சொல்லிவிட்டோம். ஆசியர் என்பது ஒரே இனமா? நம் அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன.

இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனவருக்கு இதயத்தில் இரத்தம் உறைந்து, அது மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். அதனைத் தடுக்க வார்ஃபரின் என்னும் மாத்திரை நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. அளவு கூடினால் இரத்தக் கசிவு. குறைந்தால் மீண்டும் உறைவு. கத்தி முனையில் நடப்பது போன்ற மருந்து அது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடம் இதனை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் போதுமான அளவைவிட இந்தியருக்குச் சராசரியாகக் கூடுதல் அளவு தேவைப்பட்டது. பெற்றோர் வழியாக வரும் ஒரு மரபணுக் கூறு மூவினத்தாரிடமும் வெவ்வேறு விகிதத்தில் பரவியிருப்பதே இதற்கு முதற்காரணம். சீனரிடத்தில் மட்டும் கண்ட அளவை ஆசியர் அளவு என்று எழுதி வைத்து, அதனையே இந்தியருக்கும் கொடுத்திருந்தால் என்னவாகும்? இந்தியர் பலருக்கு மருந்து போதாமல் போயிருக்கும்.

மற்றொன்று, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் என்னும் மாத்திரை. சிங்கப்பூரில் வாழும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய நால்வகையினருக்கும் இம்மருந்து ஒரே அளவில் கொடுக்கப்பட்டது. வெள்ளையரோடு ஒப்பிட, இரத்தத்தில் மருந்தின் அளவு சீனருக்கு 2.3 மடங்கும், மலாய்க்காரருக்கு 1.9 மடங்கும், இந்தியருக்கு 1.6 மடங்கும் இருந்தது. இவ்வாய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் இம்மருந்தின் குறிப்பேடு திருத்தப்பட்டு, ஆசியருக்கு 5 மில்லிகிராம் அளவில் தொடங்கலாம் என்று எழுதப்பட்டது.

இங்கு ஒரு சொல். இவற்றைக் கேட்டுவிட்டு எவரும் தம் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இவை சராசரிக் கணக்குகள். உங்களுக்குரிய அளவை உங்கள் இரத்தத்தைச் சோதித்து டாக்டரே முடிவு செய்வார். மேலும், இவ்விரு ஆய்வுகளிலும் ஈபான், காடாசான், ஓராங் அஸ்லி மக்கள் தனித்து எண்ணப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. நமக்கு இடம் வேண்டும் என்று கேட்கும்போது அவர்களுக்கும் சேர்த்தே கேட்டல் முறையாகும்.

இனம் ஓர் அடையாளம் மட்டுமே

இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு என்றதும், எல்லாம் பிறவியிலேயே அமைந்தது, நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடலாகாது. இதற்கு இந்நாட்டு வரலாறே சான்று.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரை அது கடுமையாகத் தாக்கியது. தோட்டங்களில் இருந்த தமிழரையோ அரிதாகவே தொட்டது. இதனை இனத்தின் குணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் டாக்டர் உணவைப் பார்த்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் ஏறிவிடுகிறது. தீட்டினாலும் முற்றும் போவதில்லை. பின்னர் ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு டாக்டர்கள், நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தனர். இனம் ஒன்றே, வேலை ஒன்றே. தீட்டிய அரிசி உண்டவரிடையே பெரிபெரி தோன்றியது. குற்றம் இனத்தில் இல்லை, அரிசியில் இருந்தது!

பக்கவாதத்திலும் இவ்விரண்டும் கலந்துள்ளன. சில வேறுபாடுகள் மரபணுவால் வருவன. பல வேறுபாடுகள் உணவாலும், வேலையாலும், வருமானத்தாலும், மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதாலும் வருவன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரில் மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 31 பேருக்கு. இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் இந்நோய் பக்கவாதத்துக்கு வழி திறந்துவிடுகிறது. ஆகவே, பல இனத்தாரையும் பல ஊராரையும் ஆய்வில் சேர்ப்பதன் நோக்கம் மக்களைப் பிரிப்பதன்று. எந்த வேறுபாடு உடலில் உள்ளது, எந்த வேறுபாடு வாழ்க்கை நிலையில் உள்ளது என்று பிரித்தறிவதே ஆகும். உடலில் உள்ளதை மருந்தால் சரிசெய்யலாம். வாழ்க்கை நிலையில் உள்ளதைச் சட்டத்தாலும் முயற்சியாலும் சரிசெய்யலாம்.

அச்சமும் பாதுகாப்பும்

எங்களை எலிகளாக்கிச் சோதிப்பார்களோ என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அஞ்சுவதற்கு வரலாற்றில் இடமுண்டு.

அமெரிக்காவில் டஸ்கீகி என்னும் ஊரை ஒட்டி 1932ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 600 கறுப்பின ஆடவர்கள் ஓர் ஆய்வில் வைக்கப்பட்டனர். அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. அதனைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பின்னரும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை, உண்மையும் சொல்லப்படவில்லை. அவர்கள் ஏழை விவசாயக் கூலிகள். 1997ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிபர் கிளின்டன் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நம் நாட்டிலும், பெரிபெரியை ஆராய்ந்த காலத்தில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோருக்கு இருவகை அரிசியும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தீட்டிய அரிசி உண்டவர்களுள் பலர் நோயுற்றனர், உயிரிழந்தவரும் உண்டு. உம் சம்மதம் உண்டா என்று அவர்கள் கேட்கப்பட்ட காலம் அன்று அது.

இத்தகைய கொடுமைகளிலிருந்தே இன்றைய விதிகள் பிறந்தன. 1964ஆம் ஆண்டில் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் ஆய்வு நெறிகளை வகுத்தது. நம் நாட்டில் நல்ல ஆய்வு நடைமுறைக்குரிய வழிகாட்டி 1999ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சுகாதார அமைச்சில் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு ஒன்றும் உண்டு. இவ்விதிகள் ஏட்டில் இருந்தால் போதாது. அவற்றை உயிருள்ளவையாக்குவது நீங்கள் கேட்கும் கேள்விகளே.

ஆய்வில் சேரும்படி உங்களையோ உங்கள் குடும்பத்தாரையோ எவரேனும் அழைத்தால், இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது: இந்த ஆய்வு எதனை அறிவதற்காக? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா?

இரண்டாவது: எனக்குப் புரியும் மொழியில், தமிழில், இதனை விளக்குவீர்களா? தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளிடம் படிக்கச் சொல்லலாமா?

மூன்றாவது: என்ன நன்மை, என்ன தீங்கு வரக்கூடும்? தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது?

நான்காவது: சேராவிட்டால் எனக்கு உரிய வழக்கமான சிகிச்சை குறையாமல் கிடைக்குமா?

ஐந்தாவது: இடையில் விலக விரும்பினால் விலகலாமா?

விலகலாம். சேராமலும் இருக்கலாம். அதற்காகச் சிகிச்சை மறுக்கப்படலாகாது. தோட்ட நிருவாகமோ, தலைவரோ, உறவினரோ வற்புறுத்திக் கைநாட்டு வாங்குதல் கூடாது. பக்கவாத நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால், அவருக்காக நெருங்கிய குடும்பத்தாரிடம் கேட்பர். ஆகவே, இவற்றை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவில் மேலே கூறிய ஆய்வை நடத்தியோர் ஓர் உண்மையைக் கண்டனர். ஒருவர் ஆய்வில் சேர்வதும் சேராததும் மூவரைப் பொறுத்தது: நோயாளி, அவருடைய குடும்பத்தாரும் நண்பரும், அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர். இம்மூவருள் ஒருவருக்கு விளங்காவிட்டாலும் காரியம் நிற்காது. நம் குடும்பங்களுக்கும் இது பொருந்துமன்றோ?

ஆய்வில் நம் நாடும் நம் மக்களும்

பக்கவாத ஆய்வுகளில் நம் பகுதி மக்கள் இல்லாமல் இல்லை. சீன மருத்துவ முறையில் அமைந்த நியூரோஎய்ட் என்னும் மருந்து, 1,100 பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை, ஹாங்காங், மலேசியா ஆகிய இடங்களில் அது நடந்தது. 2013ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மூன்று மாத முடிவில் வெறும் மாத்திரையைவிட அது மேலானது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. நம் பக்கத்து மருந்து என்பதற்காக அளவுகோலைத் தளர்த்தவில்லை, அதுவே நேர்மை.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் வேறோர் ஆய்வு நடந்தது. குடும்பத்தாருக்கே பயிற்சி அளித்து, வீட்டில் உடற்பயிற்சி தரச் செய்தால் நோயாளி விரைவில் தேறுவாரா என்பது கேள்வி. 2017ஆம் ஆண்டில் விடை வந்தது. பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும், ஆறு மாதங்கள் கழித்து இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் 100க்கு 47 பேராகவே இருந்தனர். குடும்பத்தாரின் கவனிப்பு வீண் என்பது இதன் பொருளன்று. அந்தப் பயிற்சி முறை மட்டும் போதாது, தேர்ந்த பயிற்சியாளரின் இடத்தை அது நிரப்பிவிடாது என்பதே பொருள்.

மகிழத்தக்க செய்தியும் உண்டு. மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 ஊர்ப்பகுதிகளில், இரத்தக் கொதிப்புள்ள 1,371 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் மக்களைத் தேடிச் சென்றனர். மருந்து இலவசமாகக் கொடுக்கப்பட்டது. மாத்திரையை நினைவூட்டக் குடும்பத்தாரிலோ நண்பரிலோ ஒருவர் துணையாக அமர்த்தப்பட்டார். ஓராண்டில் 100க்கு 69 பேருக்கு இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்த பகுதிகளில் 100க்கு 30 பேருக்கு மட்டுமே. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவில் நம் நாட்டுச் சாதாரண மக்களின் பங்கு இருக்கிறது. இரத்தக் கொதிப்பே பக்கவாதத்தின் தலையாய காரணம் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

பெருமக்களே! ஆய்வு எவ்வளவு சிறந்ததாயினும், நேரத்தில் மருத்துவமனை சேராதவருக்கு அதன் பயன் கிட்டாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி, நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. அதற்கு முன் தலையைப் படமெடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

முகம் ஒருபுறம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தளர்ந்தால், பேச்சுக் குழறினால், உடனே 999 எண்ணுக்கு அழையுங்கள். நோய் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதுவே. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், மந்திரித்துப் பார்ப்போம், பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மயங்கியவர் வாயில் நீரோ மருந்தோ ஊற்ற வேண்டாம். மருந்து நம் இனத்தாரிடம் சோதிக்கப்பட்டதா என்று அந்நேரத்தில் தயங்கவும் வேண்டாம். இருக்கும் சிகிச்சைகளுள் சிறந்ததை உடனே பெறுவதே அறிவுடைமை.

நோய் வருமுன் செய்ய வேண்டியது, இரத்தக் கொதிப்பையும் இனிப்பு நீரையும் சுகாதார நிலையத்தில் தவறாமல் சோதித்துக்கொள்வது. 22 நாடுகளில் நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பக்கவாதத்துக்கு 100க்கு ஏறக்குறைய 90 பங்கு பத்தே காரணங்கள் என்று கண்டது. இரத்தக் கொதிப்பு, புகை, மது, நீரிழிவு, தகாத உணவு, உடற்பயிற்சியின்மை ஆகியவை அவற்றுள் சில. இவை எல்லா நாட்டாருக்கும் பொதுவானவை. பெரும்பாலும் நம் கைக்குள் அடங்கியவை.

தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட இந்நாளில், இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நம்முடன் உழைக்கின்றனர். நோய் யாரையும் எந்த மொழி பேசுகிறாய் என்று கேட்டு வருவதில்லை. மருந்தும் அவ்வாறே எல்லாருக்கும் பயன்பட வேண்டுமானால், அதனைச் சோதிக்கும் கணக்கில் எல்லாரும் இடம்பெற வேண்டும். கேட்டறிந்து, விரும்பி, உரிமையோடு இடம்பெற வேண்டும். ஒரு தொழிலாளி அவ்வாறு ஆய்வில் சேரும்போது அவருக்கே நன்மை கிட்டும் என்று உறுதி கூற முடியாது. ஆயினும் அவருடைய பேரப்பிள்ளைக்கு ஒருநாள் மருந்தின் அளவைக் குறிக்கும் டாக்டர், ஊகித்து எழுதாமல் அறிந்து எழுதுவார்.